தேய்த்த காசு

சேலத்தில் பழங்காசு வாங்கும் வியாபாரி, ராசப்பன் நீட்டிய பொற்காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஏனுங்க, புளி போட்டுத் தேய்ச்சீங்களா?"

"ஆமாங்க."

"மாப்புள்ளையச் சோடிக்கறாப்பல மினுக்கிக் கொண்டாந்திருக்கறீங்க! மேல இருந்த உருவமெல்லாம் மழுங்கிப்போச்சு. அழுக்கோட வந்திருந்தா முதல் தரம். இப்ப வெறும் தங்க வெலைதான்."

"பையனுக்குக் காய்ச்சலுங்க. ஆசுபத்திரியில கெடக்கறான். மருந்துக்குப் பத்தாதுங்களே."

"நான் என்ன பண்ணட்டும்? இன்னொரு காசு கெடச்சா, இருக்கற கோலத்துலயே கொண்டாங்க."

ராசப்பன் தலையாட்டினான்.

முந்தின நாள், அதே காய்ச்சலில் போன மகளின் நெற்றியில், வழக்கப்படி சந்தனத்தோடு ஒட்டியிருந்த பாட்டன் காலத்துக் காசு அது. பாடை தூக்குமுன் எடுத்துக்கொண்டான். பிணத்தின் காசென்று தெரிந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்றுதான், சந்தனம் போகும்வரை தேய்த்திருந்தான்.