எதிர்வீட்டு அடுப்பு

எதிர்வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு அணையவில்லை. அடுப்பு எரிவதைக் காட்டும் வாசல் விளக்கு சிவப்பாகவே நின்றது. ஆனால் ஒரு தடவைகூடத் தாளிக்கும் வாசம் வரவில்லை. செண்பகத்துக்கு அதுதான் உறுத்தியது.

அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு குளிர்சாதனம் அடுப்புச் சூட்டில்தான் ஓடியது. புது இயந்திரம் வைத்தபின் ஒரு பானை தண்ணீர் கொதித்தாலே ஓர் அறை பனிக்கட்டியாகிவிடும். இந்த மார்கழியில் யாருக்கு இத்தனை குளிர் வேண்டும்? திருட்டுத்தனமாக மீன் பதுக்கி விற்கிறார்களோ?

கையும் களவுமாகப் பிடிக்கப் போய்க் கதவைத் தட்டினாள்.

"கொஞ்சம் உறைமோர் இருக்காக்கா?"

கதவைத் திறந்த கோமளவல்லி கம்பளி போர்த்தியிருந்தாள். அவள் தோளுக்கு மேலாகச் செண்பகம் எட்டிப் பார்த்தாள். அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்தது. கட்டிலில் கோமளவல்லியின் கணவர் கிடந்தார். கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

"யார்கிட்டயும் சொல்லிராத செண்பகம். தெரிஞ்சா இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருவாங்க, சட்டம் அப்படி. மக நாளைக்குத்தான் வந்து இறங்குறா. எழவு வீட்டுல அடுப்பெரியக் கூடாதுதான், நான் என்ன பண்ண?"

அடுப்புச் சுடர் மஞ்சளாகித் தடுமாறியது. கேஸ் தீர்ந்துகொண்டிருந்தது.

செண்பகம் தன் வீட்டுக்குப் போய்ச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். மாடிப்படி ஏறி வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் சிவப்பு விளக்கையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னம்மா, அந்த வீட்டு அடுப்பு அணையவே மாட்டேங்குது?"

"மக வர்றால்ல, பலகாரம் சுடுறாங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எரியும்ணே" என்றாள், உருட்டுவதை நிறுத்தாமல்.