கேப்டன் கண்டுபிடித்த தீவு

"வாசிக்கிறது மட்டும்தான் உன் வேலை. யோசிக்கிறது என் வேலை. புரியுதா?" என்றார் கேப்டன்.

கேப்டன் என்பது அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பதவி. முப்பது வருடம் அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய கோப்பில் கையெழுத்துப் போட்டவர். ஓய்வுபெற்ற கையோடு ஒரு பாய்மரப் படகை வாங்கி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றக் கிளம்பிவிட்டார்.

போன வாரம் அவருடைய படிக்கிற கண்ணாடி கடலில் விழுந்துவிட்டது. "இன்னொண்ணு எடுத்து வச்சுக்குங்க" என்று கிளம்பும்போதே மனைவி சொன்னாள். "அங்க போய் பரீட்சையா எழுதப்போறேன்?" என்று அவள் வாயை அடைத்தார். இப்போது தூரத்தில் பறக்கும் பறவை தெரிகிறது, கையிலிருக்கும் வரைபடம் தெரியவில்லை. எல்லாவற்றையும் அவள் வாசிக்க வேண்டும், அவர் உத்தரவு போடுவார். படகைத் தானாக ஓட்டும் கருவியில் பொத்தானை அமுக்குவதும் அவள்தான்.

"பொண்ணுக்கு இந்த மாசக் கடைசின்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. தலைப்பிரசவம். பக்கத்துல நான் இருக்க வேண்டாமா? திரும்பிடலாங்க."

"நீ போய் என்ன கிழிக்கப்போறே? அதான் டாக்டர் இருக்காங்கல்ல?"

"பொண்ணு போன்ல அழறா."

"மழை அளக்கிறவனைக் கட்டிக்கிட்டா அழத்தான் வேணும்."

மாப்பிள்ளைக்கு எங்கோ ஒரு கோடியில், வானிலை நிலையத்தில் வேலை. 'அந்தக் கோடிக்கு மனுஷன் போவானா?' என்று இரண்டு வருடமாக மகள் வீட்டை எட்டிப் பார்க்காத மனிதர், மனிதன் கால் படாத தீவைத் தேடி அலைகிறார்!

"இப்படியே கிழக்கே போனா ஒரு தீவு வரும். எவனும் பார்த்திருக்க மாட்டான். திசை என்ன, வாசி!"

அவள் திரையைப் பார்த்தாள். "தொண்ணூறு."

"அதேதான்! நேர் கிழக்கு. நான் சொல்லல?"

இரண்டு நாள் கழித்து அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "முன்பக்கம் துணி காயப்போட்டா இப்பல்லாம் காலையில வெயிலே படலைங்க."

"துணி, வெயில்! இதை விட்டா உனக்கு என்ன தெரியும்? நீரோட்டம்னு ஒண்ணு இருக்கு. சொன்னாலும் உன் மண்டையில ஏறாது."

அவள் துணியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டினாள்.

பத்தாம் நாள் காலை மரங்களும் மணல் கரையும் தெரிந்தன. கேப்டன் பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் துள்ளிக் குதித்தார்.

"பார்த்தியா, என் தீவு! ஆளும் இருக்கு. காட்டுவாசிங்க! முன்னாடி ஒரு தாடிக்காரன், சட்டைகூட இல்ல. தலைவன் போல. நீ வாயைத் திறக்காதே. இவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்."

காட்டுவாசிகளுக்கென்றே வாங்கி வைத்திருந்த பாசிமணி மாலையும் மனைவியுமாக ரப்பர் படகில் போய், முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நெஞ்சில் கை வைத்து, "நான்... நண்பன்!" என்று கத்தினார்.

தாடிக்காரன் தண்ணீரில் ஓடிவந்து, தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டான்.

"இதெல்லாம் எதுக்கு மாமா?" என்றவன், அவரைத் தாண்டிப் போய் மாமியாரைக் கைகொடுத்து இறக்கினான். "சொன்ன தேதிக்குச் சரியா ஓட்டிட்டு வந்துட்டீங்களே அத்தை! அவளுக்கு இன்னும் வலி எடுக்கல."