தேய்த்த வரி

பெரியவரின் மகன் மாடிப்படியில் தவறி விழுந்து இறந்ததாக ஊரே நம்பியது. பார்வையற்ற மருமகள் மட்டும், பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பிரெயிலில் தானே படிக்க வேண்டுமென்றாள்.

"இந்த ஒரு வரியை எடுத்துடுங்க. குடும்ப மானம் கப்பலேறிடும்," என்றார் மாமனார்.

"அதை நான் எடுக்க முடியாதுங்க," என்றார் பிரெயில் அச்சகக்காரர், அச்சான தாளில் அந்த வரியைத் தொட்டுக்காட்டி.

பெரியவர் காரில் உட்கார்ந்து, அந்த வரியின் புள்ளிகளை நகத்தால் தேய்த்துத் தட்டையாக்கினார்.

வீட்டில் மருமகளின் விரல் அங்கேயே நின்றது.

"இங்க தேச்சிருக்கு, மாமா."

"தப்பா விழுந்த புள்ளிம்மா. அழிச்சிட்டாங்க."

"கண்ணுக்குத்தான் அழிஞ்சிருக்கு." அவள் தடவித் தடவிப் படித்தாள்: "கழுத்தில் வலது கைத் தடம். மோதிர விரலின் தடம் இல்லை."

பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். இவளுக்குத்தான் கண் தெரியாதே என்று தேற்றிக்கொண்டார்.

"கல்யாணத்தன்னைக்கு நீங்க ஆசீர்வாதம் பண்ணப்போ, என் தலையில நாலு விரல்தான் பட்டுச்சு, மாமா."