வியாழன் தாண்டி வந்தவன்

படத்தை நிறுத்திவிட்டார்.

ரிமோட்டோடு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

டிவி முழுக்க எந்திர மனிதனின் முகம். தகரத் தலை. கண்ணுக்கு நேராக இரண்டு விரல் அகலத்தில் ஒரு கண்ணாடி. பூமியை விட்டு, வியாழனுக்கு அப்பால் இருக்கிற தன் ஊருக்குப் புறப்படுவதற்கு முன் அது கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்க்கிற காட்சி.

இந்தக் காட்சிக்கு அன்றைக்குத் தியேட்டரே அழுதது. ஒரு தகர டப்பாவுக்காக.

பத்தொன்பது வயதில் சேலத்தில் பதினேழு முறை பார்த்த படம். ஒவ்வொரு முறையும் நூலகத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். எந்திரம் காலை இழுத்து இழுத்து நடக்கும் நடையைக் கல்லூரி வராந்தாவில் நடந்து காட்டி, பிரின்சிபாலிடம் அகப்பட்டுக்கொண்டதும் உண்டு.

இன்று காலையில்தான் பெட்டி வந்தது. படம் வெளிவந்து ஐம்பது வருடம் ஆனதற்காகப் போட்ட சேகரிப்பாளர் பதிப்பு. மொத்தமே ஆயிரம் பெட்டிகள். அவருடையது நானூற்றுப் பன்னிரண்டு. எட்டு மாதம் காத்திருந்தார். கூரியர்காரர் போனதும் கைகால் கழுவிக்கொண்டு வந்துதான் பிரித்தார். சாமி பிரசாதத்துக்குக்கூட அவர் அப்படிச் செய்ததில்லை.

மூல நெகட்டிவைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பிரேமாகத் துடைத்து எடுத்திருந்தார்கள். பழைய பிரதிகளில் வெறும் இருட்டாகக் கிடந்த இடமெல்லாம் துலங்கியது. நட்சத்திரங்கள் கறுப்புத் துணியில் போட்ட ஓட்டைகள் என்பது தெரிந்தது. தெரிந்தும் அழகாகத்தான் இருந்தது.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலும் இப்போது இருட்டு இல்லை.

இரண்டு கண்கள் இருந்தன.

மை தீட்டிய கண்கள்.

எழுந்து டிவிக்கு அருகே போனார். முழங்கால் வலியை மறந்து மண்டியிட்டார். மையின் வால் கண்ணுக்கு வெளியே நீண்டிருந்தது. வலது கண்ணில் அளவாக. இடது கண்ணில் ஒரு நெல் நீளம் அதிகமாக.

அந்த வால் அவருக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வருடமாகத் தினமும் காலையில் காபி டம்ளரோடு எதிரே வந்து நிற்கிற வால். என்ன முயன்றாலும் அவளுக்கு அது சரியாக வராது.

அம்சவேணி.

கல்யாணமான முதல் மாதம் அவளுக்கு அந்த நடையை நடந்து காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, அது நான்தான் என்றாள்.

கோடம்பாக்கத்தில் அப்போது அவள் சிகை அலங்காரம் செய்கிற அம்மாவுக்கு உதவியாள். தகர வேலைக்காரர் தையல்காரரிடம் அளவு வாங்கியபோது நோட்டில் பக்கம் மாறிவிட்டது. எந்திரத்துக்குள் நிற்க வேண்டிய சண்டை நடிகரின் அளவுக்குப் பதிலாகக் கதாநாயகியின் ரவிக்கை அளவில் தகரத்தை வெட்டிப் பற்றவைத்துவிட்டார். நடிகருக்குத் தோள் நுழையவில்லை. பொழுது விடிந்தால் படப்பிடிப்பு. செட்டில் ஒல்லியாக இருந்தவள் இவள் ஒருத்திதான். இருபத்திரண்டு நாள் உள்ளே நின்றாள். டைட்டில் முன்பே எழுதியாகிவிட்டதால் அதில் நடிகரின் பெயரே இருந்துவிட்டது.

அவர் நம்பவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தார்.

சிரித்ததோடு விட்டாரா? பந்தியில் சொன்னார். தீபாவளிக்கு வந்த சித்தப்பாவிடம் சொன்னார். ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், நம்ம வீட்டு எந்திரம் காபி கொண்டு வருது பாருங்க என்பார். நண்பர்களும் சிரிப்பார்கள். அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. டிவியில் இந்தப் படம் வந்தால் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போவாள். பாவம், ரசனை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னால், ஃபேனுக்குக் கீழே, அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தோல் பிரிகிற சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

அவமானமாக இருந்தது. தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறு ஒன்றும் இருந்தது. பதினேழு முறை தன்னை அழவைத்த கண்கள் இவை. இருட்டான தியேட்டரில் தன்னைத்தான் திரும்பிப் பார்க்கிறது என்று பதினேழு முறையும் நினைத்திருக்கிறார். வியாழனைத் தாண்டி வந்து, இந்த வீட்டில், நாற்பத்து மூன்று வருடமாகத் தனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

மெல்லத் திரும்பினார். மண்டியிட்டபடியே.

திரையில் இருந்த கண்களும் தரையில் இருந்த கண்களும் அவரையே பார்த்தன.

எத்தனையோ சொல்ல வேண்டும். வாயில் வந்தது இதுதான்.

“உள்ள ரொம்பப் புழுக்கமா இருந்துச்சா, அம்சா?”

அவள் மடியில் விழுந்திருந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டாள்.

“புழுக்கம்கூடப் பரவால்லைங்க” என்றாள். “பின்பக்கம் திருகாணி. உள்ளேருந்து கழட்ட முடியாது. யாராச்சும் வர்ற வரைக்கும் நின்னுட்டே இருக்கணும்.”