கும்பிடத் தோதான ஐயா

வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டிலும் இறங்கியிருந்தது. என் வீட்டுக் கூடத்தில் என் புருஷன் பக்கத்தில் போய் நிற்க, நானே முண்டியடிக்க வேண்டியிருந்தது.

அவர் சன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். லாரிக்காரர் மனைவி அவருடைய வலது கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்தக் கைக்கு உயிரில்லை. ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்காது. ஆசீர்வாதத்துக்கு மட்டும் போதுமாம்.

"அம்மா, ஐயா கையில சூடு வருது," என்றாள் என்னிடம்.

வராமல் என்ன செய்யும்? சன்னல் வெயில் காலையிலிருந்து அந்தக் கைமேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

இந்த மனுஷன் ஆயுசு முழுக்கப் பிரசங்கம் செய்தது ஒன்றே ஒன்றுதான். கடவுள் ஒருவரே. அவருக்கு மட்டும் தலை குனி. கல்லையும் மரத்தையும் படத்தையும் கும்பிடாதே. எங்கள் கல்யாணப் போட்டோவைக்கூடச் சுவரில் மாட்ட விடவில்லை, யாராவது விழுந்து கும்பிட்டுவிடுவார்களாம். அதில் நான் கொஞ்சம் அழகாக இருப்பேன். பீரோவுக்குள் கிடந்தே வெளுத்துப்போனது.

அவர் பேச்சைக் கேட்டுத்தான் வரிசையில் நின்ற இத்தனை பேரும் வீட்டுச் சிலைகளைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கும்பிட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? அவருக்குப் பேச்சுப் போனதுதான் தாமதம், வந்துவிட்டார்கள்.

பேசிக்கொண்டிருந்த வரைக்கும் ஒருத்தரும் அவரைக் கும்பிட்டதில்லை. எப்படிக் கும்பிடுவார்கள்? ஏன் பொய் சொன்னாய், ஏன் பொண்டாட்டியை அடித்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்பாரே. இப்போது எதிர்க்கேள்வி கிடையாது. உட்காரவைத்தால் உட்காருவார், ஊட்டினால் சாப்பிடுவார். இதைவிடத் தோதான சாமி எங்கே தேடினாலும் கிடைக்காது.

அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் ஒரு "ம்ம்" மட்டும். அதற்கு விளக்கம் சொல்ல மருந்துக்கடைக்காரர் கூடவே நிற்பார். அவர்தான் எங்கள் சபையின் செயலாளர். டாக்டர் கிறுக்கலையே படித்துப் பழகியவருக்கு இது ஒரு கஷ்டமா? போன வாரத்து "ம்ம்" ஒன்றினால் இரண்டு குடும்பங்கள் சம்பந்திகளாகிவிட்டன. பாவம், மனுஷன் தண்ணீர் கேட்டார்.

ஆரம்பத்தில் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிப் பார்த்தார். "என்ன பணிவு பாருங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். கண்ணில் நீர் வந்தது. அதைக் கருணை என்றார்கள். எதை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தினாரோ, அதுவாகவே தன்னை ஆக்கிவிட்டார்களே என்று அவர் குமுறியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் விரட்டியும் பார்த்தேன். ஐயாவை நான் ஒருத்தியே பூட்டி வைத்துக்கொள்ளப் பார்க்கிறேனாம். பொண்டாட்டிக்கு வந்த பேராசையைப் பாருங்கள்.

அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் புது பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என் புருஷன் முன்னால் மண்டியிட்டு, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வர்ற வாரத்திலேர்ந்து ஐயா நம்ம சபை மண்டபத்துலயே இருக்கட்டும். மேடை போட்டாச்சு. எல்லாரும் சுத்தி வந்து பாக்க வசதியா இருக்கும்."

எந்த மண்டபம்? ஒரு படம்கூட இருக்கக் கூடாது என்று இவரே நின்று சுண்ணாம்பு அடித்த மண்டபம். கூட்டத்தில் சந்தோஷ முணுமுணுப்பு. எல்லோரும் அந்த ஒரு "ம்ம்"முக்காகக் காத்திருந்தார்கள்.

அவர் "ம்ம்" சொல்லவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நாற்காலிக்கு அடியில் சொட்டுச் சத்தம் கேட்டது. பிறகு சொட்டு இல்லை, ஒழுக்கு. அது தரையில் ஓடிப் புது பேன்டின் முழங்காலைத் தொட்டதும் மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். லாரிக்காரர் மனைவி தலைமேல் வைத்திருந்த கையைக் கீழே போட்டாள். சூடு வந்த அதே கையைத்தான். அது நாற்காலிச் சட்டத்தில் தொப்பென்று விழுந்தது.

கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. "ஐயாவுக்கு உடம்பு முடியல போல, இன்னொரு நாள் வரோம்," என்று சொன்னவர்களின் செருப்புச் சத்தம் அதற்குள் படிக்கட்டில் இருந்தது. மனுஷன் என்றால் மூத்திரம் போவான் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். வரிசையின் கடைசியில் நின்றவர்கள் விஷயம் தெரியாமலே முன்னால் ஓடினார்கள்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் கதவருகே கொஞ்சம் நின்றார். இதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று யோசித்திருப்பார். பிறகு காலை உதறிக்கொண்டு அவரும் போய்விட்டார்.

நான் வாளியும் துணியும் கொண்டுவந்தேன். நனைந்த வேட்டியை அவிழ்க்கும்போது அவர் சிரித்தார். பாதி வாய்தான் திறந்தது. நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இந்த வயசுல வெக்கமா இல்ல?" என்று அதட்டினேன், படிக்கட்டு வரைக்கும் கேட்கட்டும் என்று. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பக்கவாதம் வந்தவருக்கு அடக்கம் போய்விட்டது என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. பேசட்டும். அவருக்கு ஒரு நாளும் தவறியதில்லை. வருகிறது என்றால் இடது கையால் என் கையைத் தட்டுவார், நான் எழுப்பிக் கூட்டிப் போவேன். அன்றைக்கும் அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, உடனே கை கொடுத்தேன்.

அவர்தான் என் கையைத் தள்ளிவிட்டார்.