மூணுதரத்துக்கு மூணாம் தரம்

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

மூணுதரத்தின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை.

ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் சுத்தப்படுத்தி, தட்டுத் தட்டாகக் கட்டி அனுப்புகிறவள் அவள். கத்தரியோ இடுக்கியோ, மூணு தரம் எண்ணாமல் தட்டை மூட மாட்டாள். அதனால் வந்த பட்டப்பெயர்.

"ஏம்மா, என்னாச்சு?" என்றார் பிரிவுத் தலைவர்.

"வருஷாந்தர மதிப்பீட்டுல எனக்குப் 'பரவாயில்லை'ன்னு போட்டிருக்கீங்க. 'நாளைக்கு'க்கு மட்டும் 'மிகச் சிறப்பு'!"

'நாளைக்கு' அவளோடு வேலை பார்ப்பவன். எதைச் சொன்னாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பான். போன வாரம்கூட அவன் கட்டிய தட்டு, இடுக்கி குறைகிறதென்று ஆபரேஷன் அறையிலிருந்து திரும்பி வந்தது.

"அடுத்தவனைப் பார்த்து வயிறெரியலாமா?"

"எரியுது சார். நல்லாவே எரியுது. 'மிகச் சிறப்பு' முதல் தரம், 'சிறப்பு' ரெண்டாம் தரம், அதுக்கும் கீழ 'பரவாயில்லை'. மூணுதரத்துக்கு மூணாம் தரம். கேக்கவே பொருத்தமா இருக்குல்ல?"

வயிறெரியக் காரணம் இருந்தது. மதிப்பீட்டில் நல்லபடி எழுதப்பட்டவர்களைத்தான் ஆஸ்பத்திரியின் புதுக் கிளைக்கு மாற்றுகிறார்கள். அது அவள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும். மகள் எழுவதற்கு முன் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு திரும்புகிறாள். பிள்ளையை முழித்த கண்ணோடு பார்ப்பதே லீவு நாளில்தான்.

தலைவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு விஷயமே புரியலையா? அவனை இங்கேருந்து கிளப்ப வேற வழி? உள்ளதை எழுதினா யாரும் எடுத்துக்க மாட்டாங்க, என் தலையிலேயே கட்டிடுவாங்க. உன்னைப் பத்தி உள்ளதை எழுதினா மறுநாளே கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் என் கதி? 'பரவாயில்லை'ன்னா, உன்னை விட்டுக்கொடுக்க மனசில்லைன்னு அர்த்தம்மா. பெருமைப்படு!"

"அந்தப் பெருமையை என் பொண்ணுகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

"எனக்கு எந்தப் பட்டமும் வேணாம் சார். ஆறு வருஷத்துல இவ கட்டின ஒரு தட்டுகூடத் திரும்பி வரலைன்னு எழுதுங்க. நடந்ததை எழுதுங்க, போதும்."

"அதெல்லாம் முடியாது. கையெழுத்துப் போட்டுட்டு, பின்பக்கத்தையும் நிரப்பிக் குடு. தலைவருக்கு, அதான் எனக்கு, நீங்கல்லாம் மார்க் போடணுமாம். இந்த வருஷம் புதுசாக் கிளப்பியிருக்காங்க."

அவள் தாளைத் திருப்பினாள். பேனாவை அழுத்திப் பிடித்து, கொட்டை எழுத்தில் எழுதினாள்.

தலைவர் எட்டிப் பார்த்தார்.

'மிகச் சிறப்பு.'

"புதுக் கிளைக்குத் தலைவரும் தேடறாங்களாம் சார். வெளியில இன்னும் ஏழு பேர் இருக்காங்க. அவங்களையும் இதையே எழுதச் சொல்றேன்."

தலைவர் வீடு ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வருகிறவர்.

அவர் முகம் வெளுத்துப்போனது. படிவத்தை வெடுக்கென்று வாங்கி, 'பரவாயில்லை'யை அடித்துவிட்டு, ஆறு வருஷத்தில் நடந்ததை எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே புலம்பினார்:

"இந்த அளவுக்குப் பாராட்ட, நான் உனக்கு அப்படி என்னம்மா துரோகம் பண்ணிட்டேன்?"