அமிர்தநாதன் கேட்ட ஆல்பம்

வயர் கழன்று தரையில் கிடந்தது. அமிர்தநாதன் தாத்தாவின் ஹெட்போன் வயர். அவரோ கண்ணை மூடி, தொடையில் விரலால் தாளம் தட்டியபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். அதற்குள் நாலைந்து பேர் பாட்டை அவர் வேண்டாம் என்று தள்ளியிருந்தார்.

மும்பை செம்பூர் ஸ்டுடியோவின் கண்ணாடி அறைக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். வெளிச்சத்தம் உள்ளே வராது, முன்பே பதிவு செய்த பாட்டும் வெளியே பேசுவதும் ஹெட்போனில்தான் கேட்கும். தாத்தா பேசுவது மட்டும் மைக் வழியாக வெளியே போகும். அங்கே பாடகர்கள் எல்லோரும் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள்.

தாராவித் தோல் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டே தாத்தா நிறையப் பாட்டெழுதிப் பாடியவர். எங்கள் தெருவில் அவர் பாட்டு இல்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அந்தப் பாட்டுகளை ஆளுக்கொன்றாகப் பாடவைத்து அவருக்கு மரியாதையாக ஒரு ஆல்பம் போடலாம் என்றது இசைத் தயாரிப்பாளர் மாதுங்கா நகுல் சார். தாத்தா சரி என்றார், ஒரே நிபந்தனையோடு: அவருக்குப் பிடிக்காத பாட்டு ஆல்பத்தில் வரக்கூடாது.

கடைசிப் பாட்டு என்னுடையது. சர்ச் கொயரைத் தாண்டி நான் எங்கும் பாடியதில்லை. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து யார் பாட்டு என்று சொல்லும் வேலையையும் எனக்கே கொடுத்திருந்தார்கள். என் ஹெட்போனும் அவருடையதும் ஒரே பெட்டியில்தான் செருகியிருந்தன. நான் ஸ்டூலை இழுத்தபோது அவர் வயர் கழன்றிருக்க வேண்டும்.

"அடுத்து ஹரிதா மேடம், தாத்தா," என்றேன்.

குழாயடிச் சண்டைப் பாட்டை அந்த அம்மாள் கோயில் கச்சேரிபோல இழுத்து இழுத்துப் பாடியிருந்தார். தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்ற முகமே இல்லை. தாத்தாவின் விரல் விறுவிறுவென்று தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, கண்ணாடி வழியாக அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சேலைக்கு இஸ்திரி போடலாம் தாயி. பாட்டுக்குமா போடுவாங்க? தூக்குங்க."

என் ஹெட்போனில் நகுல் சார் கெஞ்சினார். "அமிர்தநாதன் சார், செத்த முழுசாக் கேளுங்கோ. அவா பெரிய ஆர்ட்டிஸ்ட்."

தாத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திமிர் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். காது போய்விட்டது, கௌரவம் போகவில்லை என்று நான் நினைத்தேன். வயதாகிவிட்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதானே?

அடுத்தவன் உல்லாஸ்நகரிலிருந்து வந்த ராப் பையன். தாத்தா அவனையும் பார்த்தார்.

"ரூமுக்குள்ள எதுக்குலே கருப்புக் கண்ணாடி? நீ பாடுன பாட்டு உனக்கே கண்ணு கூசுதோ? தூக்கு."

வெளியே அந்தப் பையன் கையை விரித்து ஏதோ கத்தினான். வாய் மட்டும் அசைந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை பேர் முன்னால் தாத்தா மானம் போகும், பழி என் தலையில் விழும். ஆனால் உங்களிடம் மறைப்பானேன்? எங்கள் தெருவுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து செல்ஃபி எடுத்துப் போனவர்கள் அவர்கள். ஒவ்வொருவராக அடிவாங்குவதைப் பார்க்க எனக்கும் இனித்தது.

"கடைசி... என் பாட்டு, தாத்தா."

ரயில் பாட்டு. கேட்காமலேயே இதையும் தூக்கச் சொல்லிவிட்டால்? என் பாட்டு ஆல்பத்தில் வருகிறது என்று ஒரு மாதமாக அம்மா கிளாரா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து வயரைப் பெட்டியில் செருகினேன்.

தாத்தாவின் விரல் நின்றது.

கண்ணைத் திறந்தார். நாலு வரி ஓடியது. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளங்கையால் மைக்கைப் பொத்தினார்.

"நீயா மாட்டுன?"

"என் ஸ்டூல் பட்டுக் கழண்டிருச்சு தாத்தா. லேட்டாத்தான் பாத்தேன். மன்னிச்சிருங்க, யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஸ்டூலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மொத ஆளு ரெண்டு வரி பாடுனதும் நாந்தான் உருவுனேன். மறுபடி உருவுட்டி."

உருவினேன். வேறென்ன செய்ய? அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் பழையபடி தட்ட ஆரம்பித்தது. என் காதில் நான் மட்டும் பாடி முடித்தேன். முடிந்தது என்று அவர் முழங்கையைத் தொட்டதும் மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"இது ஒண்ணு தேறும். எங்க தெருப் பிள்ள."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகுல் சார் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தார். "அப்பாடா, ஒண்ணாவது தேறித்தே!"

வீட்டுக்கு வந்தேன். அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்து முடித்திருந்தாள். என் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஆசையாகக் கேட்டாள்.

"உன் பாட்டக் கேட்டுட்டு தாத்தா என்னட்டி சொன்னாரு?"